நஞ்சு இப்பொழுது எங்கே நிற்கிறது? பற்றீரிய நஞ்சுகளை விளங்கிக்கொண்டு செயற்படும் முறை

கோவில் அன்னதானத்துக்குச் சமைப்பவருக்கும், வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கும், கைக்குழந்தையின் வயிற்றோட்டத்தோடு இரவைக் கழிக்கும் தாய்க்கும் சுகாதாரப் பகுதியினர் வழமையாகச் சொல்வது கிருமியைக் கொல்லும்படிதான். கொதிக்க வையுங்கள், கழுவுங்கள், கிணற்றுக்குக் குளோரின் இடுங்கள், வைத்தியர் தந்த மருந்தை முடியும்வரை குடியுங்கள். இவை யாவும் சரியான அறிவுரைகளே. ஆயினும் பற்றீரியாக்களால் வரும் நோய்கள் பலவற்றில் ஆளை வீழ்த்துவது அவை செய்து வெளியே விடும் நஞ்சாகும். பற்றீரியா செத்த பின்னும் அந்த நஞ்சு வேலை செய்யும். சில வேளைகளில் பற்றீரியா சாகும்போதுதான் நஞ்சே வெளிப்படும்.

ஆகவே நோய் வந்துவிட்டாலும், வரக்கூடிய நிலை இருந்தாலும், முதலில் கேட்க வேண்டியது நஞ்சு இப்பொழுது எங்கே நிற்கிறது என்பதாகும். அது இன்னும் உருவாகாமல் இருக்கலாம்; சோற்றிலோ கறியிலோ ஏற்கெனவே உருவாகியிருக்கலாம்; குடலிலோ காயத்திலோ உருவாகிக் கலங்களுக்கு வெளியே திரியலாம்; கலத்துக்குள்ளேயே புகுந்துவிட்டிருக்கலாம். அடுப்பு, சவர்க்காரம், ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, குளுக்கோசுத் தூள்), ஏற்பு ஊசி (ஏற்புவலியைத் தடுக்கும் ஊசி) ஆகிய ஒவ்வொன்றும் இந்த நிலைகளில் ஒன்றிரண்டில் மட்டுமே பயன்படும். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்க்கும்போதுதான் ஆபத்து வருகிறது. வன்னியின் சமையலறை, கிணறு, வயல் ஆகியவற்றை மனத்தில் கொண்டு, எந்த நிலையில் எதைச் செய்ய வேண்டும், அதை ஏன் செய்ய வேண்டும் என்பவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கலத்தில் நடப்பது

1888ஆம் ஆண்டில் பாரிசில் எமில் ரூ, அலெக்சாந்தர் யெர்சன் ஆகிய இருவரும், தொண்டைக்கரப்பன் பற்றீரியா வளர்ந்த திரவத்தைப் பற்றீரியா புகமுடியாத நுண்வடியினூடாக வடித்தெடுத்து விலங்குகளுக்கு ஏற்றினர். வடித்த நீரில் பற்றீரியா இருக்கவில்லை. விலங்குகள் அதே நோய்க்குறிகளோடு இறந்தன. நோயைச் செய்வது பற்றீரியா விட்டுச்சென்ற கரைந்த பொருள் என்பது அன்று தெளிவானது.

அந்தப் பொருள்கள் கலத்தைத் தாக்கும் வழிகள் பல; வீட்டுத் தேவைக்கு மூன்றை அறிந்தால் போதும். முதலாவது வகை கலமென்சவ்வையே குறிவைக்கிறது. கொப்புளங்களிலும் சீழ்ப் புண்களிலும் வாழும் ஸ்ரெபிலோகொக்கசு ஓரியசு வெளிவிடும் அல்பா நஞ்சின் ஏழு மூலக்கூறுகள் மென்சவ்வின்மேல் வளையமாகக் கூடித் துளையிடுகின்றன. துளையூடாகப் பொற்றாசியம் வெளியேறுகிறது, கல்சியம் உட்புகுகிறது, கலம் அழிகிறது. இரண்டாவது வகை கலத்துக்குள் போகாமலே அதற்குப் பொய்யான கட்டளை கொடுக்கிறது. அதே ஸ்ரெபிலோகொக்கசின் வேறு சில நஞ்சுகள் நோயெதிர்ப்புக் கலங்கள் இரண்டை முறைகேடாக ஒன்றோடொன்று இணைத்துவிடுவதால், சாதாரணமாக ஒரு கிருமிக்கு எதிராகப் பத்தாயிரத்தில் ஒன்றளவில் கிளர்ந்தெழும் ‘ரி’ (T) வகை நோயெதிர்ப்புக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரேயடியாகக் கிளர்ந்தெழுகின்றன. உடலை வாட்டுவது அந்தக் கிளர்ச்சியே.

மூன்றாவது வகையே மிக நுட்பமானது. இந்நஞ்சுகள் பெரும்பாலும் இரு பகுதிகளைக் கொண்டவை. ஒரு பகுதி, கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி எனப்படும் குறித்த ஓர் ஒட்டிடத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றப் பகுதி உள்ளே நுழைந்து நொதியமாக வேலை செய்யும். ஒட்டும் பகுதிக்கு ஏற்ற வாங்கி எந்தக் கலத்தில் இருக்கிறதோ அந்தக் கலமே நோய்ப்படும். ஏற்புவலி நஞ்சு நரம்பையும் வாந்திபேதி நஞ்சு குடலையும் தேடிப்போவது இதனாலேயே. தொண்டைக்கரப்பன் நஞ்சின் உட்பகுதி, புரதச் சங்கிலியைப் படிப்படியாக நகர்த்தும் ஓர் உதவிப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. கலம் புதிய புரதம் எதையும் ஆக்க முடியாமல் இறக்கிறது. இதற்கு ஒரு கலத்துக்குள் ஒரேயொரு மூலக்கூறு நுழைந்தாலே போதும் என்று 1978இல் நிறுவப்பட்டது. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இத்தகைய புரதங்களின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்து பின்பு மறந்துவிடுகிறார்கள். பெயர் மறந்தாலும் பாதகமில்லை. நொதியம் வேலை செய்வதால் தீர்ந்துபோவதில்லை என்பதை மறக்காதிருந்தால், உள்ளே போன நஞ்சுக்கு ஏன் மாற்று மருந்து பயன்படுவதில்லை என்பது தானாக விளங்கும்.

இவற்றுக்குப் புறம்பாக, கிராம் எதிர் எனப்படும் ஒரு பெரும் வகைப் பற்றீரியாக்களின் வெளிமென்சவ்வின் பகுதியாகவே உள்ள அகநஞ்சு ஒன்றுண்டு. அது பற்றீரியா சிதையும்போது பெருமளவில் வெளிப்பட்டு, காய்ச்சலையும், குருதியில் கலந்தால் அமுக்க வீழ்ச்சியையும் உண்டாக்கும். அதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நடுக்கத்துடன் கூடிய காய்ச்சலோடு ஆள் தடுமாறினாலோ, மூச்சு வேகமானாலோ, கைகால் குளிர்ந்தாலோ 1990 இலக்கத்தில் சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழைப்பதே வழி.

சோறும் கிடாரமும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும் மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கும் கூடும் சனத்துக்குச் சமைப்பவர்களும், கலியாண வீட்டுக்கோ அந்தியேட்டி வீட்டுக்கோ கிடாரம் ஏற்றுபவர்களும், மூன்று வேறுபட்ட பற்றீரியாக்களை எதிர்கொள்கிறார்கள். மூன்றுக்கும் தீ மூன்று விதமாகப் பயன்படுகிறது அல்லது பயன்படாமல் போகிறது.

முதலாவது, சோற்றில் வரும் பசில்லசு சீரியசு. மண்ணில் வாழும் இதன் வித்திகள் அரிசியோடு வந்து, சோறு வேகும் வெப்பத்தையும் தாங்கிக்கொள்ளும். வெந்த சோறு பெரிய பாத்திரத்தில் குவியலாகக் கிடந்து மெல்ல ஆறும்போது வித்திகள் முளைத்துப் பெருகிச் செரெயுலைட்டு என்னும் சிறிய வளைய நஞ்சை ஆக்குகின்றன. இந்த நஞ்சு இழைமணிகளின் மென்சவ்வினூடாகப் பொற்றாசியத்தைக் கடத்தி, கலம் சக்தி ஆக்குவதைக் குழப்புகிறது. உண்டவருக்கு ஒன்று முதல் ஆறு மணித்தியாலங்களுக்குள் சத்தி வரும். நஞ்சு 121 பாகை செல்சியசு வெப்பத்திலும் அழியாது. ஆகவே மத்தியானச் சோற்றை இரவு தாளித்தாலும், பிரட்டினாலும், மீண்டும் அவித்தாலும் உருவாகிவிட்ட நஞ்சு அப்படியே இருக்கும். இங்கே செய்யக்கூடியது நஞ்சு உருவாகும் முன்னரே தடுப்பதுதான்: பரிமாறும்வரை சோற்றைத் தொடமுடியாத சூட்டில், அதாவது 60 பாகைக்கு மேல் வைத்திருக்கவும், மிஞ்சும் என்று தெரிந்தால் உடனே அகன்ற தட்டங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி ஆற்றி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழஞ்சோறாக வைப்பது உகந்த முறையே. அதில் வளரும் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் புளிப்பை ஏற்றும்போது பசில்லசு பெருகுவது தடைப்படும். ஆனால் ஆறியவுடனேயே கொதித்தாறிய நீரை ஊற்ற வேண்டும். நாள் முழுவதும் வெக்கையில் கிடந்த சோற்றுக்கு இரவு நீர் ஊற்றுவதால் பயன் இல்லை; முன்பே ஊறிய நஞ்சைப் புளிப்பும் அழிக்காது.

இரண்டாவது, கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்ரெபிலோகொக்கசு. மூவரில் ஒருவர் அளவில் இதனை மூக்கில் சுமந்து திரிகிறோம். விரலில் நகச்சுற்றோ வெட்டுக்காயமோ இருந்தால் அங்கே அது ஏராளமாக இருக்கும். பச்சை உணவில் மற்றப் பற்றீரியாக்களோடு போட்டியிட இதற்கு வலிமை போதாது. சமைத்துச் சுத்தமான உணவில் பின்பு கை படும்போதுதான் இது தனித்துப் பெருகும். கையால் பிசையும் தேங்காய்ச் சம்பல், மோதகம், உதிர்த்த இறைச்சி, ஆறியபின் கையால் பிரித்து அடுக்கும் இடியப்பம் ஆகியவை இதற்கு வாய்ப்பானவை. உப்பு இதனை மறிக்காது. பல பற்றீரியாக்கள் வாழமுடியாத உப்பிலும் இது வளரும். உருவாகிவிட்ட நஞ்சு அரை மணித்தியாலம் கொதித்தாலும் நிலைக்கும். அது குடலிலிருந்து வேகசு நரம்பின் வழியே மூளையைத் தூண்டுவதால், உண்டு ஓரிரு மணித்தியாலத்திலேயே கடும் சத்தி தொடங்கும். கையில் புண் உள்ளவரைச் சமையலில் இருந்து விலக்கி விறகு, தண்ணீர் வேலைகளுக்கு அனுப்ப வேண்டும். கோவில் வேலையில் ஒருவரை அப்படி விலக்குவது மனக்கசப்பைத் தரும் என்பது தெரிந்ததே. இருந்தாலும் சமையல் பொறுப்பாளர் காலையில் எல்லோருடைய கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தால், விலக்குவது ஒருவரை மட்டும் குறிவைத்ததாகத் தோன்றாது.

மூன்றாவது, கிடாரத்து இறைச்சிக் கறியில் வரும் குளொஸ்திரிடியம் பேர்பிரிஞ்சென்சு. இதன் வித்திகளும் கொதியைத் தாங்கும். ஆழமான கிடாரத்தின் நடுப்பகுதி இரவு முழுவதும் இளஞ்சூட்டில் நிற்கும்போது, 43 முதல் 47 பாகை வரையான அந்தச் சூட்டில், இது பத்து நிமிடத்துக்குள் இரட்டிக்கக்கூடியது. ஆயினும் இது நஞ்சைப் பெரும்பாலும் உணவில் ஆக்குவதில்லை. உயிருள்ள பற்றீரியாக்களை ஏராளமாக விழுங்கியபின் அவை குடலில் வித்தியாகும்போதே நஞ்சு வெளிப்பட்டு, குடற்கலங்களில் துளையிட்டு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். ஆகவே இங்கு மறுசூடாக்கல் உண்மையாகவே காப்பாற்றும்: கறி முழுவதும், நடுவிலும் அடியிலும், தளதளவென்று கொதிக்கும்வரை அகப்பையால் கிளறிச் சூடாக்கினால் பற்றீரியாக்கள் செத்துவிடும். ஓரத்தில் குமிழி வந்தவுடன் இறக்கிவிடுவது போதாது. ஒரே அடுப்பு கறியைக் காப்பாற்றும், சோற்றைக் காப்பாற்றாது என்பதைச் சமைப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ரின், போத்தல், தேன்

காற்றுப் புகாத இடத்தில் வளரும் குளொஸ்திரிடியம் பொட்டுலினம், சோற்றில் கண்டதற்கு நேர்மாறு. இதன் வித்தி கொதியைத் தாங்கும், நஞ்சோ கொதித்தால் அழியும். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் தசையை இயக்கும் பதார்த்தமான அசற்றைல்கோலின் வெளிவருவதை நஞ்சு தடுப்பதால் தசை தளர்ந்துபோகும். கண்மடல் சரிவு, இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, ஈற்றில் மூச்சுத் தடை என்று அது மேலிருந்து கீழாக இறங்கும். ஊதிப்போன மீன் ரின்னைத் திறக்காமலே எறியவும். ருசி பார்த்து முடிவு செய்ய முனைய வேண்டாம். தேசிக்காய் ஊறுகாயும் மாங்காய் ஊறுகாயும் அவற்றின் புளிப்பால் பாதுகாப்பானவை. எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியே வைத்திருக்கும் உள்ளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வன்னியில் அழுத்திச் சொல்ல வேண்டியது தேனைப் பற்றியது. காட்டுத் தேன் நல்ல உணவு. வளர்ந்தவர்களின் குடலில் உள்ள பற்றீரியாக் கூட்டம், தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் வித்திகளை முளைக்க விடாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் நிலைகொள்ளவில்லை; வித்திகள் அங்கே முளைத்து நஞ்சை ஆக்கலாம். ஆகவே பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைப்பதை, அது எத்தனை சுத்தமான தேனாக இருந்தாலும், கைவிட வேண்டும். மலச்சிக்கல், பால் உறிஞ்சுவதில் சோர்வு, மெலிந்த அழுகை, தலை நிற்காமை என்பன தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும்.

வயிற்றோட்டம்: கலம் சாகவில்லை, கதவுதான் பூட்டப்படவில்லை

வாந்திபேதியில் நடப்பதை விளங்கிக்கொண்டால் வயிற்றோட்டத்துக்கான பராமரிப்பு முழுவதும் விளங்கும் என்பது என் கருத்து. 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, வாந்திபேதிப் பற்றீரியாவான விப்ரியோ கொலரே வளர்ந்து பின்பு அது நீக்கப்பட்ட திரவத்தை முயலின் குடலில் இட்டு, குடல் நீரால் நிரம்புவதைக் காட்டினார். அந்த நஞ்சின் ஐந்து ஒட்டும் துண்டுகள் குடற்கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்1 என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொள்கின்றன. உட்பகுதி கலத்துக்குள் சென்று, குளோரைட்டு வெளியேற்றத்தை ஆளும் ஓர் ஒழுங்குபடுத்தும் புரதத்தை வேதியியல் முறையில் மாற்றிவிடுகிறது. அந்தப் புரதம் தேவைக்குத் திறந்து பின்பு தானாகவே மூட வேண்டியது. இரணைமடுக் குளத்துத் துருசைத் திறந்து, திறந்த நிலையிலேயே பூட்டிவிட்டுத் திறப்பை எறிந்துவிட்டால் எப்படியோ, அப்படி அது மூட முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. கலத்தினுள் வட்ட ஏஎம்பி என்னும் கட்டளை கடத்தும் பொருள் அளவுகடந்து ஏறுகிறது, குளோரைட்டு வெளியே பாய்கிறது, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. கடுமையான நோயாளி ஒருவர் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை இழக்கக்கூடும்.

இவ்வளவு நீர் போகும்போதும் கலம் இறப்பதில்லை. சோடியத்தைத் தனியாக உள்ளெடுக்கும் ஒரு வழி அடைபட்டாலும், சோடியமும் குளுக்கோசும் ஒன்றாக உட்செல்லும் வேறொரு வழி பழுதுபடாமல் இருக்கிறது. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் அது நிற்காது. சீனியை மட்டும் கொடுத்தால், சில வேளை நீரை இன்னும் இழுத்துவிடும். இரண்டையும் சரியான விகிதத்தில் கொடுத்தால் அவை உள்ளே போகும், நீரும் கூடவே போகும். இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லீற்றருக்கு சோடியமும் குளுக்கோசும் 75 மில்லிமோல் வீதம் சமமாக இருப்பது இதனாலாகும். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பொங்காவ் முகாமில் நாளத்துக்கு ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். முப்பது வீதமளவில் இருந்த இறப்பு நான்கு வீதத்துக்கும் கீழே இறங்கியது. முகாமில் வாழ்ந்தவர்கள் நிறைந்த வன்னிக்கு இந்தச் செய்தியின் பெறுமதியை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கரைசலைத் தயாரிக்கும்போது அளவில் பிழை விடக்கூடாது. சவர்க்காரமிட்டுக் கைகழுவி, கொதித்தாறிய நீரை ஒரு லீற்றர் போத்தலில் கழுத்துவரை அளந்து எடுக்கவும். கடைகளில் அதிகம் கிடைப்பது ஒன்றரை லீற்றர் போத்தல். அதை நிரப்பி ஒரு ஜீவனிப் பக்கெற்றைக் கொட்டினால் கரைசல் நீர்த்துப்போகும், ஆகவே போத்தலின் மேலுள்ள அளவை வாசித்துப் பார்க்கவும். பக்கெற்று முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கண்மட்டத்தில் பிரிக்கக்கூடாது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். ஜீவனி கிடைக்காத இரவில் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் இடலாம். இளநீரில் பொற்றாசியம் அதிகம், சோடியம் குறைவு. அது கூடுதல் பானமாக இருக்கலாம், ஜீவனிக்கு ஈடாகாது. சோடாவும் இனிப்புப் பானங்களும் வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போனபின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் கொடுக்கவும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றளவில் தொடரவும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். நாகக் (சிங்க்) குளிசையை வைத்தியர் அல்லது குடும்பநல உத்தியோகத்தர் சொன்னபடி 10 முதல் 14 நாள்வரை கொடுக்கவும். ஓட்டம் உடனே நிற்கவில்லை என்று பதற வேண்டாம். பூட்டுப்பட்ட கலங்களைக் குடல் சில நாள்களில் உதிர்த்துப் புதியவற்றை இடும், அதுவரை ஆளை வற்றவிடாமல் வைத்திருப்பதே ஜீவனியின் வேலை. கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்பி, சிறுநீர் குறைந்து, பிள்ளை மயங்கிச் சோர்ந்தால் வீட்டில் தாமதிக்கக் கூடாது.

இரத்தமும் சளியும் கலந்து போவது வேறு கதை. சில வயிற்றுளைவுப் பற்றீரியாக்களும், ஓ157 போன்ற சில ஈ கோலை வகைகளும் ஆக்கும் சிகா நஞ்சு, இறைபோசோமின் ஆர்என்ஏயிலிருந்து ஒரேயொரு காரத்தை வெட்டி நீக்கிப் புரத ஆக்கத்தை நிறுத்திவிடும். அந்த நஞ்சுக்கு உரிய வாங்கிகள் சிறுநீரகத்தின் நுண்குருதிக் குழாய்களில் இருப்பதால் சிறுநீரகமும் பழுதாகலாம். இங்கே ஓட்டத்தை நிறுத்தும் குளிசை நஞ்சைக் குடலுக்குள் அடைத்துவைக்கும். மேலும் ஓ157 போன்றவற்றில் சில நுண்ணுயிர் எதிரி மருந்துகள் நஞ்சு ஆக்கத்தையே கூட்டக்கூடும். ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் குடிப்பது இந்த நோயில் குறிப்பாகத் தவறு.

கிணற்றைப் பொறுத்தவரை, வாந்திபேதி நஞ்சு குடலுக்குள்தான் உருவாகிறது. நீரில் உள்ளது பற்றீரியா மட்டுமே. ஆகவே கொதிக்க வைப்பதும் குளோரினும் இங்கே முழுப் பயன் தரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளம் போன்ற ஒன்றின்பின், கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளவிட்டுக் குளோரின் இட்ட பிறகே பாவிக்கவும். அதுவரை குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரையே எடுக்கவும்.

காயம்

ஏற்புவலியைத் தருவது துரு என்று பலரும் நம்புகிறார்கள். துருவில் அதற்கான நஞ்சு எதுவும் இல்லை. குளொஸ்திரிடியம் தெத்தானியின் வித்திகள் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கின்றன. ஆழமாகக் குத்தி, மேல்வாய் ஒடுங்கி, உள்ளே செத்த சதையும் மண்ணும் அடைபட்ட காயத்தில் ஒட்சிசன் இல்லாமற் போகும்போது அவை முளைக்கும். பளபளக்கும் புதிய ஆணியும், காரைமுள்ளும், சேற்றுக்குள் கிடந்த முள்ளுக்கம்பித் துண்டும் இந்த வகையில் ஒன்றே.

அங்கே உருவாகும் நஞ்சு நரம்பு முனையில் ஒட்டி, உள்ளே புகுந்து, நரம்பின் வழியாகவே முள்ளந்தண்டை நோக்கி மேலேறுகிறது. அங்கே தசையை அடக்கிவைக்கும் நரம்புக்கலங்களுக்குள் சென்று, சினப்ரோபிரெவின் என்னும் புரதத்தை வெட்டுகிறது. அப்புரதம் இல்லாமல் கிளைசின், காபா ஆகிய அடக்கும் பதார்த்தங்கள் வெளிவர முடியாது. அடக்குவார் இல்லாத தசைகள் யாவும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன: தாடை பூட்டும், முகம் கோணும், முதுகு வில்லாக வளையும், ஒரு சத்தமோ வெளிச்சமோ வலிப்பைத் தூண்டும். பொட்டுலினம் நஞ்சின் பீ வகை இதே புரதத்தை இதே இடத்தில்தான் வெட்டுகிறது. ஆனால் அது தசையை இயக்கும் நரம்பின் முனையில் நின்று வெட்டுவதால் உடல் தளர்ந்துபோகிறது. வெட்டும் இடம் ஒன்று, வெட்டப்படும் கலம் வேறு, நோயும் நேரெதிர்.

நோய்க்குறி பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுக்குள் தோன்றும். காயம் முள்ளந்தண்டிலிருந்து தூரமாக இருந்தால் நாள் கூடும். பாதத்துக் காயம் ஆறிப்போனது என்று மறந்தபின் தாடை இறுகுவது இதனாலேயே. செலுத்தப்படும் எதிர்நஞ்சு, இன்னும் நரம்புக்குள் போகாத நஞ்சை மட்டுமே கட்டும். உள்ளே போனதை எதுவும் வெளியே எடுக்காது. புதிய நரம்பு முனைகள் வளரும்வரை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே செய்ய வேண்டிய யாவற்றையும் காயம்பட்ட அன்றே செய்ய வேண்டும்.

வயலில் மண்வெட்டி பாதத்தில் பட்டால், முதலில் சேற்று நீரிலிருந்து காலை வெளியே எடுத்து, சுத்தமான துணியால் அமுக்கி இரத்தத்தை நிறுத்தவும். பின்பு குடிக்கத்தக்க நீரை வாளியிலிருந்து கோலி, காயத்தின் வாயை விரித்துப் பிடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடும் நீராக ஊற்றிச் சவர்க்காரத்தோடு கழுவவும். தேங்கிய நீரில் காலை வைத்திருப்பது கழுவுதல் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் மண்ணையும் வைக்கோல் துரும்பையும் நீரே அடித்துக்கொண்டு போகட்டும். கோப்பித்தூள், சாம்பல், சாணம், மஞ்சட்பசை எதையும் வைத்து அடைக்க வேண்டாம்; சாணம் வித்திகளையே கொண்டுவரும், மற்றவை காற்றை மறித்து அவை முளைக்க இடம் செய்யும். குழந்தையின் தொப்புள் கொடிக்கும் இதே விதிதான்: வெறுமனே உலர விடவும். ஆழமான காயத்துக்குள் இருக்கும் செத்த சதையை வெட்டி நீக்குவது வைத்தியரின் வேலை. அது நுண்ணுயிர் எதிரி மருந்தைவிடவும் முக்கியமானது.

நசுங்கிய ஆழக் காயத்தில் வலி காயத்தின் அளவுக்கு மீறி ஏறி, தோல் நிறம் மாறி, அமுக்கினால் நறநறத்தால் அது வாயு அழுகலாக இருக்கலாம். கிடாரத்தில் கண்ட அதே பேர்பிரிஞ்சென்சு இங்கே வேறொரு நஞ்சால் கலமென்சவ்வின் இலெசித்தினை வெட்டிச் சதையைக் கரைத்துக்கொண்டு போகும். மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டிய நிலை அது.

ஊசி

நஞ்சு கலத்துக்குள் புகுமுன் அதைப் பிடிப்பதற்குக் குருதியில் பிறபொருளெதிரி முன்கூட்டியே இருக்க வேண்டும். பேரிங்கும் கித்தசாத்தோவும் 1890இல் எதிர்நஞ்சு குருதித் தெளியத்தில் இருப்பதைக் கண்டனர். 1920களில் கஸ்தோன் ரமோன், போமலின் கலந்த நஞ்சு தன் கொடுமையை இழந்தும் உடலுக்கு அடையாளம் காட்டும் தன்மையை இழக்காமல் இருப்பதைப் பயன்படுத்தினார். ஏற்பு ஊசியில் உள்ளது அவ்வாறு செயலற்றதாக்கப்பட்ட நஞ்சே. அது பற்றீரியாவைத் தடுப்பதில்லை. நஞ்சை மட்டும் தடுக்கும். ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கும் இந்த ஊசி தேவை, ஏனெனில் நோயைத் தரும் நஞ்சின் அளவு நோயெதிர்ப்பைத் தூண்டக் காணாது.

இலங்கையில் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் கூட்டுத் தடுப்பூசியும், 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும், 5 வயதிலும் 11 வயதிலும் மேலதிக ஊசிகளும் இடப்படுகின்றன. கர்ப்பிணிகளுக்கு இடும் ஊசி, தாயின் பிறபொருளெதிரியைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. வன்னியில் சிக்கல் வளர்ந்தவர்களிடமே உள்ளது. இடப்பெயர்வுகளில் தடுப்பூசி அட்டையோடு எல்லாவற்றையும் இழந்தவர்கள், போட்டது நினைவில்லை என்று தயங்குகிறார்கள். பதிவு இல்லையென்றால் போடாதவராகக் கருதித் தொடங்குவதே முறை: முதல் ஊசி, நான்கு கிழமையின் பின் இரண்டாவது, அதிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தின் பின் மூன்றாவது. அழுக்கான காயத்தோடு வருபவர் மூன்று ஊசிகளைப் பூர்த்தி செய்திருந்தாலும், கடைசி ஊசிக்கு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் இன்னொன்று தேவை; சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து ஆண்டு. ஒருபோதும் போடாதவருக்கு ஊசியோடு எதிர்நஞ்சும் வேண்டியிருக்கலாம், ஆகவே காயத்தோடு போகும்போது இதனை மறைக்காமல் சொல்லவும். புதிய அட்டையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வீட்டார் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது.

வைத்தியசாலையில் சொல்ல வேண்டியவை

துணுக்காயின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வைத்தியசாலைக்குப் போக எடுக்கும் நேரத்தில் ஒரு துண்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை சிலவே. எப்பொழுது சாப்பிட்டது, எப்பொழுது முதற் சத்தி அல்லது முதல் ஓட்டம் வந்தது என்பது முதன்மையானது. ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி என்றால் நஞ்சு உணவிலேயே இருந்திருக்கலாம். எட்டு முதல் பதினாறு மணித்தியாலத்தில் சத்தியின்றி ஓட்டம் என்றால் கிடாரத்துக் கறியை நினைக்கலாம். ஒரு நாளைக்கு மேற்பட்டால் பற்றீரியா குடலில் பெருக நேரம் எடுத்திருக்கிறது. அதே பந்தியில் உண்ட வேறு எவருக்கு வந்தது, இரத்தம் போனதா, காய்ச்சல் உண்டா, காயமானால் எந்த நாளில் எந்த இடத்தில் பட்டது என்பவற்றையும் குறிக்கவும். ஊரில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்து, மிஞ்சிய சோற்றையும் கறியையும் வெவ்வேறு சுத்தமான பாத்திரங்களில் மூடி, உண்ண வேண்டாம் என்று மேலே எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்வரை குளிரில் வைத்திருக்கவும். நோயாளியின் உடலில் பற்றீரியா அகப்படாதபோதும் நஞ்சு அந்தப் பாத்திரத்தில் அகப்படக்கூடும்.